வயசோட நூறைக் கூட்டுகிற கணக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், வயசானால் பிரஷர் கூடுவது இயற்கை, வயசோட நூறைக் கூட்டினால் என்ன வருகிறதோ அதுதான் அவரவருக்குச் சரியான அளவு, அதற்குப் போய் மாத்திரை தின்று உடம்பைக் கெடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கை எங்க அம்மையிடமும் ஒருவர் சொன்னார். வீட்டில் எல்லோரும் நம்பினோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் குலசேகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பால் வெட்டுவது, ஆசிட் ஊற்றி உறைய வைப்பது, ஷீட் அடித்துக் காயப் போடுவது எல்லாம் நானும் வீட்டுக்காரியும்தான். அம்மை அறுபத்தெட்டு வயது வரைக்கும் எங்களோடு வந்து ஒட்டுப்பால் பொறுக்கினவர். எழுபது வயதில் அடிக்கடி தலை கிறங்குது என்று சொன்னதால் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பிரஷர் பார்த்தார்கள், மேல் அளவு 168, கீழ் அளவு 72. "வயசு எழுபதா, நூறைக் கூட்டினா 170, உங்களுக்கு அதை விட ரெண்டு குறைவுதான், கீழ உள்ள அளவு ரொம்ப நல்லா இருக்கு, தைரியமா போங்கம்மா" என்றார்கள். அம்மைக்கு அவ்வளவு சந்தோஷம். வருகிற வழியில் கடையில் நிறுத்தி எங்களுக்கெல்லாம் டீயும் ஏத்தன்பழ பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

பதினாலு மாசம் கழித்து ஒரு விடியக்காலம் நாங்கள் வெட்டு முடித்து வந்தபோது அம்மை அடுக்களையில் விழுந்து கிடந்தார். வலது கையும் காலும் அசையவில்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, ஏதோ சொல்ல வருகிறார், சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மாத்திரை ஒண்ணும் எடுக்கலையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாத்திரை எடுத்திருந்தால் பக்கவாதம் வந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நர்சிங் படித்த எங்க மகள் அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்து எனக்கும் சொல்லிக் கொடுத்ததில் ஒரு விஷயம் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்றால், மேல் அளவு 160-க்குக் குறையாமல், கீழ் அளவு 90-க்குள்ளேயே இருந்தவர்கள். அதாவது அப்படியே எங்க அம்மை. பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையில் சின்ன அளவாகத் தொடங்கிக் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. நாங்கள் கிளினிக்கிலிருந்து சந்தோஷமாகத் திரும்பிய அன்றைக்கு, இந்த விடை உலகத்துக்குத் தெரிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

சரி, கீழ் அளவு நன்றாக இருக்கும்போது மேல் அளவு மட்டும் ஏன் ஏறுகிறது? இதைப் புரிந்துகொள்ள ரப்பர்காரனுக்கு அதிகம் கஷ்டம் இல்லை. இதயத்திலிருந்து கிளம்புகிற பெருந்தமனி வெறும் குழாய் அல்ல, அது இழுபடுகிற குழாய். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் உள்ளே வரும்போது அது விரிந்து இடம் கொடுக்கும், இதயம் ஓய்வெடுக்கிற நேரத்தில் பழையபடி சுருங்கி, தாங்கி வைத்த ரத்தத்தை மெதுவாக முன்னால் தள்ளும். விரிந்து கொடுப்பதால் மேல் அளவு எகிறாது, சுருங்கித் தள்ளுவதால் கீழ் அளவு விழாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இந்த வேலை நடக்கிறது. இந்த இழுவைக்குக் காரணம் குழாய்ச் சுவரில் இருக்கிற இலாஸ்டின் என்ற நார். கருவில் இருக்கும்போதும் சின்ன வயதிலும்தான் உடம்பு அதைப் பெரும்பாலும் செய்கிறது, அப்புறம் புதிதாகச் செய்வது மிகக் குறைவு. அப்போது கிடைத்த நாரை வைத்துத்தான் அறுபது எழுபது வருஷம் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ரப்பர் பேண்டு ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்துவிட்டு ரெண்டு வருஷம் கழித்து இழுத்துப் பாருங்கள், வெடிப்பு விட்டு அறுந்துபோகும். இலாஸ்டினும் அப்படித்தான் ஓய்ந்து உடைகிறது, அதன் பாரத்தைக் கொலாஜன் என்கிற விறைப்பான நார் ஏற்றுக்கொள்கிறது, சுவரில் சுண்ணாம்புச் சத்தும் போய்ப் படிகிறது. அதன்பின் இதயம் தள்ளும்போது குழாய் விரிவதில்லை, அதனால் மேல் அளவு எகிறுகிறது. விரியாத குழாய் திரும்பச் சுருங்கித் தள்ளவும் முடியாது, அதனால் கீழ் அளவு இறங்குகிறது. எங்க அம்மைக்கு 72 என்று வந்ததே, "ரொம்ப நல்லா இருக்கு" என்று பாராட்டினார்களே, அந்த 72-உம் குழாய் இறுகிப்போனதற்கு அடையாளமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 40-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம், வயசானவர்களுக்கு அது 60-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அம்மைக்கு 96. அந்த ஒரு கழித்தல் கணக்கை அன்றைக்கு யாராவது போட்டிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இதைக் கொழுப்பு அடைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடைப்பு என்பது குழாய்க்குள்ளே அங்கங்கே மேடு கட்டுவது, இது குழாயின் சுவரே நெடுக விறைத்துப்போவது. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், ஒன்று இல்லாமல் மற்றது மட்டும் வரவும் செய்யலாம். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்று தெரிந்ததும் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் எங்க ஊரிலேயே இருக்கிறார்.

குழாய் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கவும் வழி உண்டு. நாடி அலை கழுத்திலிருந்து தொடை இடுக்குக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கிறார்கள். இளக்கமான குழாயில் அலை மெதுவாகப் போகும், விறைத்த குழாயில் பாய்ந்து போகும். வாலிப வயதில் நொடிக்கு ஐந்து ஆறு மீட்டர், 10 மீட்டரைத் தாண்டினால் ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறார்கள். வேகமாகப் போன அலை உடம்பின் கிளைக்குழாய்களில் மோதிச் சீக்கிரமே திரும்பி வந்து, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து முட்டும். அதனால் மேல் அளவு இன்னும் கூடும். மூளையும் சிறுநீரகமும்தான் இதில் அதிகம் அடி வாங்குகின்றன, ஏனென்றால் அந்த இரண்டுக்கும் ரத்தம் தடை அதிகம் இல்லாமல் ஏராளமாகப் பாய்வதால், குழாய் இளக்கமாக இருந்தால் வழியிலேயே தாங்கிக்கொண்டிருக்கும் அடி நேரே அங்குள்ள நுண்ணிய குழாய்களில் போய் விழுகிறது.

பிரஷர் கூடுவதால் குழாய் இறுகுகிறதா, இறுகுவதால் பிரஷர் கூடுகிறதா என்று நானும் மகளிடம் கேட்டேன். ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இதே கேள்வி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரோடு தொடங்கிய இதய ஆய்வு இன்றைக்கும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தொடர்கிறது. அங்கே 1,759 பேரைச் சுமார் ஏழு வருஷம் தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட முடிவில், முதலில் பெருந்தமனி இறுகியிருந்தவர்களுக்குத்தான் பின்னால் பிரஷர் வந்தது என்று தெரிந்தது. முதலில் பிரஷர் கூடியிருந்தவர்களுக்குப் பின்னால் குழாய் அதிகமாக இறுகியது என்று அந்த ஆய்வில் காட்ட முடியவில்லை. அதற்காகப் பிரஷர் குழாயைக் கெடுக்காது என்று அர்த்தம் இல்லை, ஒன்றையொன்று வளர்க்கத்தான் செய்யும். ஆனால் அளவுகோல் பிரஷரைக் காட்டுவதற்கு முன்பே உள்ளே வேலை ஆரம்பித்துவிடுகிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. நாற்பது வயதுக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் முந்தி வரும். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இழைகளுக்கு நடுவே முடிச்சு விழுந்து உறுதியாகும் என்பதை 1839-ல் குட்இயர் கண்டுபிடித்தார், டயர் தொழிலே அதில்தான் நிற்கிறது. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை வருஷக்கணக்கில் கொலாஜன் நார்களுக்கு நடுவே போடுவதும் கிட்டத்தட்ட அந்த மாதிரி முடிச்சுத்தான். டயருக்கு அது பலம், நம் குழாய்க்குக் கேடு. அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு மருந்தைச் சோதித்து 2001-ல் நல்ல பலன் தெரிகிறது என்றார்கள், கடைசியில் அது கடைக்கு வரவில்லை. இறுக்கத்தை மட்டும் குறிவைத்து இளக்குகிற மருந்து இன்றைக்கு நம் கையில் இல்லை. இருக்கிறது என்று லேகியமோ பொடியோ யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். பிரஷரைக் குறைக்கிற மாத்திரை, தினமும் நடை, உப்பைக் குறைப்பது, பீடி சிகரெட்டை விடுவது, இவைதான் குழாயின் பாரத்தைக் குறைக்கின்றன.

இனி அந்த நூறு கணக்குக்கு வருகிறேன். இது நம் ஊர் அறியாமை என்று சொல்ல மாட்டேன், உலகத்தில் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். குழாய் சுருங்கி இறுகிப்போன பிறகு ரத்தத்தைத் தள்ள உடம்பே பிரஷரைக் கூட்டிக்கொள்கிறது, அதில் கை வைக்காதே என்பதுதான் 1930-களில் சொல்லிக்கொடுத்த பாடம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186-க்கு 108 இருந்தது. பலனுள்ள மருந்தும் அன்றைக்கு இல்லை. 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று 300-க்கு 190. ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு தொடங்கியது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். மருந்து கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று முதலில் உறுதியாகக் காட்டிய 1967 ஆய்வில் கீழ் அளவு 115-க்கு மேல் இருந்தவர்களைத்தான் எடுத்தார்கள். அதனால் ரொம்ப காலம் எல்லோர் கண்ணும் கீழ் அளவிலேயே இருந்தது. மேல் அளவு ஏறினால் அது வயசு என்று விட்டுவிட்டார்கள். அம்மையிடம் அன்றைக்குச் சொன்னவர் அந்தப் பழைய பாடத்தைத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. பாடம் மாறியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

வயசானால் கூடுவது இயற்கைதானே என்பதற்கும் பதில் இருக்கிறது. 32 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உப்பையும் பிரஷரையும் அளந்து 1988-ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் அமேசான் காட்டில் வாழ்கிற யானோமாமி மக்களும் இருந்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதே இல்லை. அங்கே சராசரி பிரஷர் 100-க்கும் கீழே, வயசு ஏற ஏற அது கூடவும் இல்லை. அவர்கள் வாழ்க்கையே வேறு, நம்மால் அப்படி இருக்க முடியாது, சரிதான். ஆனால் மனுஷனாகப் பிறந்த எல்லோருக்கும் கூடத்தான் செய்யும் என்று சொல்வதற்கு இல்லை.

நம் மாவட்டத்தில் உப்பைப் பற்றிப் பேசுவது கஷ்டம். சாமிதோப்பிலும் புத்தளத்திலும் உப்பளம், குளச்சலிலும் முட்டத்திலும் மீன், அப்புறம் கருவாட்டுக்கு எங்கே போக வேண்டும்? பழங்கஞ்சிக்கு உப்பிலிட்ட மாங்காய், மரச்சீனிக் கிழங்குக்கு உறைப்பும் உப்புமாகச் சாளைக் கறி, சோற்றுக்குப் பப்படம், மழை பெய்தால் ஏத்தங்காய் சிப்ஸ். எல்லாம் நான் விரும்பித் தின்று வளர்ந்தது, ஒன்றையும் பழிக்க மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது ஒரு டீஸ்பூன் கூட முழுசாக இல்லை. எங்க வீட்டில் நெத்திலிக் கருவாட்டை மாசம் ஒரு தடவை என்று ஆக்கியிருக்கிறோம், ஊறுகாய்ப் பரணியை மேசையிலிருந்து எடுத்துவிட்டோம், கஞ்சியில் உப்பு போடுவதில்லை. முதல் ரெண்டு வாரம் வாயில் வைக்க முடியவில்லை, இப்போது வெளியே சாப்பிட்டால்தான் கரிக்கிறது.

உப்பில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து கொடுத்தே சீனாவில் 600 கிராமங்களில் பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், 2021-ல் வந்த முடிவு, சேர்ந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேலே. நம் ரேஷன் கடையில் அப்படி ஒன்று வந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறேன். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன் போன்ற சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரை தொடங்கினால் நிறுத்த முடியாது, கிட்னி போய்விடும் என்று அந்த வாசகர் பயப்படுகிறார். கிட்னியைக் கெடுப்பது கூடிப்போன பிரஷர்தான். வயசானவர்களுக்கு ரொம்பவும் இறக்கிவிட்டால் எழுந்து நிற்கும்போது தலை கிறங்கி விழுவார்கள் என்பது மட்டும் நியாயமான பயம். மேல் அளவை 120-க்குக் கீழே இறக்கிப் பார்த்த 2015 ஆய்வில், 9,361 பேரில், மாரடைப்பு, பக்கவாதம், இதயம் செயலிழப்பது போன்றவை மொத்தமாக 25 சதவீதம் குறைந்தன. ஆனால் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கொஞ்சம் அதிகமாகவே வந்தன. ஆகவே யாருக்கு எவ்வளவு இறக்குவது என்பதை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்து டாக்டர்தான் முடிவு பண்ண வேண்டும். எண்பது வயதுக்கு மேல் என்ன மாத்திரை என்று அம்மையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். எண்பது தாண்டிய 3,845 பேரை வைத்து 2008-ல் வந்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களின் மரணம் 21 சதவீதம் குறைந்தது என்று அவர்களிடம் சொல்கிறேன்.

அளக்கிற விதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஏற்றம் ஏறி, வரிசையில் நின்று, மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். சேலைக் கை மேலேயே சுற்றுவதும் நடக்கிறது, நடுவில் "மழை அங்கே எப்படி?" என்று பேச்சு வேறு. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்துக்கு வைத்து, பேசாமல் இருந்து, ரெண்டு தடவை பார்க்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி கூடாது. கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அங்கே வேலை செய்கிறவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தவறான ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பதை விட அஞ்சு நிமிஷம் காக்க வைப்பது மேல்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்க வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். நடக்க முடியாத அம்மைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. வருகிற சகோதரி மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் தேதி போட்டு எழுதிவிட்டுப் போகிறார். எல்லா இடத்திலும் இப்படி எழுதிக் கொடுக்க வேண்டும், "நார்மல்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடாது.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். நூறைக் கூட்டுகிற கணக்கை எழுதிய அந்தக் கடிதம் எத்தனையோ வீட்டில் படிக்கப்பட்டிருக்கும், அதைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்களும் இருக்கலாம். ஆகவே ஒரு டாக்டரிடம் கேட்டு, வயசானவர்களுக்கும் மேல் அளவு 140-க்கு மேலே நின்றால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும் என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அம்மைக்கு இப்போது எழுபத்தொன்பது. வலது கை இன்னும் வரவில்லை, இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், பேச்சு முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. இன்றைக்குக் காலையில் மகள் பார்த்துக் காலண்டரில் எழுதியது 136-க்கு 70.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.